எனக்கு ஊர், என் பொண்ணுக்கு வெளிநாடு

ஊரிலிருந்து திரும்பி வந்த கையோடு இங்கே மெல்போர்னில் ஒரு நண்பர் வீட்டில் பொங்கல் சாப்பாடு. டிசம்பர் லீவில் இந்தியா போய் வந்த நாலைந்து குடும்பங்கள் இருந்தோம். இந்த மாதிரி கூட்டத்தில் முதல் கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும். "பசங்களுக்கு ஊர் புடிச்சுதா?" ஒரு நண்பர் சொன்னார்: "நாலாம் நாளே எப்பப்பா வீட்டுக்குப் போறோம்னு கேட்டான். இதுதாண்டா உன் வீடுன்னேன். முழிக்கிறான்." எல்லாரும் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பையன் முழித்தது நியாயம் என்று தோன்றியது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளிடம் "இது உன் ஊர்" என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். அது அவர்கள் ஊர் இல்லை, நம்ம ஊர். அவர்களுக்கு அது வெளிநாடு. பழைய, பெரிய, சரித்திரம் கொட்டிக் கிடக்கிற ஒரு வெளிநாடு. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ரோமுக்கும் ஏதென்ஸுக்கும் போகிற காலேஜ் பிள்ளைக்கு என்ன சுதந்திரம் கொடுக்கிறோமோ, அதை நம்ம ஊரிலும் கொடுத்துப் பார்க்கலாம். திட்ட நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

எனக்குச் சித்தூர். "ஓ, ஆந்திராவா? தமிழ் நல்லா பேசறீங்களே!" என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். பழைய வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த ஊர். 1911ல் சித்தூர் ஜில்லா என்று தனியாகப் பிரித்தார்கள், அப்போதும் மதராஸ் மாகாணம்தான். 1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்தப் பக்கம் போய்விட்டோம். ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் ஆகி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி மட்டும் மதராஸுக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட என் பெரிய அத்தை, வாசற்படியை விட்டு நகராமலே மாநிலம் மாறியவர். நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழை அம்மாவிடமும் பழைய குமுதத்திடமும் கற்றேன். இங்கே ஒற்றுப்பிழை இருந்தால் குமுதத்தைத் திட்டாதீர்கள், என்னைத் திட்டுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நான் எதையாவது எண்ணும்போது வாய்க்குள் ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்றுதான் வரும். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்திரேலியாவில் பொட்டி தட்டியும் போகவில்லை. என் பொண்ணு சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு, தமிழில் எண்கள் இரண்டு வகை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லித்தருவது ஒன்று, அப்பா சில்லறை எண்ணும்போது சொல்வது இன்னொன்று என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். 2025 டிசம்பரில் சித்தூர் காய்கறி மார்க்கெட்டில் ஒரு அம்மா தக்காளிக்குக் காசு எண்ணியதைக் கேட்டதும் என் பக்கம் திரும்பி, "அப்பா, அவங்க உங்க நம்பர்ஸ் சொல்றாங்க!" என்றாள். பத்தொன்பது வருஷமாக வீட்டுக்குள் இருந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க அவள் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் வர வேண்டியிருந்தது.

அவள் யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷம் சரித்திரம் படிக்கிறாள். (ஆமாம், சரித்திரம்தான். "அப்புறம் என்ன பண்ணப்போறா?" என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டாம்.) கடைசியாக ஊருக்கு வந்தபோது வயது பதினொன்று. அதனால் இதையே முதல் பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு பார்த்ததையெல்லாம் எழுதினாள். அவள் அனுமதியோடு சிலதைத் தமிழில் சொல்கிறேன்.

"இங்கே எங்கே போறே என்று எல்லாரும் கேட்கிறார்கள். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை."

"ஆயா பால்காரரோடு தெலுங்கு பேசுகிறார், சாமியோடு தமிழ் பேசுகிறார், டிவியோடு இரண்டும் பேசுகிறார்." (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். சென்னைக்காரர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

"திருப்பதி இப்போது வேறு ஜில்லாவாகிவிட்டது என்று ஆயாவுக்கு வருத்தம். 2022ல் பிரித்தார்களாம். மலை அங்கேயேதான் இருக்கிறது என்று சொன்னேன். சமாதானமாகவில்லை."

அடுத்ததுதான் எனக்கு உறைத்தது. அம்மா வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வருவார். காலையில் அவருக்கு டீ கொடுப்பது வழக்கம். அவர் குடிக்கிற எவர்சில்வர் டம்ளர் கொல்லைப்புற ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும். மற்ற டம்ளர்களோடு சேராது. இரண்டாம் நாளே என் பொண்ணு கேட்டாள்.

"அப்பா, அந்த ஆன்ட்டிக்கு மட்டும் ஏன் வெளில இருக்கற டம்ளர்?"

"அது... அவங்க வழக்கம்மா."

"அவங்க வழக்கமா, நம்ம வழக்கமா?"

நான் காபி நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் பத்தாவது பரீட்சைக்குப் படித்தேன். பதினெட்டு வயது வரை தினமும் அந்த டம்ளரைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை. சொந்த ஊர் என்பதில் இருக்கிற சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். சொந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. "இது உன் வீடு" என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது, "அதனால் வாயை மூடு" என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். வெளிநாட்டுக்குப் போனவளுக்கு அந்தத் தடை இல்லை. கண்ணில் பட்டதைக் கேட்டாள்.

மூன்றாம் நாள் சண்டை. என் திட்டப்படி இரண்டு சித்தப்பா வீடு, ஒரு மாமா வீடு, காணிப்பாக்கம் பிள்ளையார், பிறகு நண்பர் ஒருவரின் காரில் திருப்பதி. எல்லா வீட்டிலும் பஜ்ஜி, எல்லா வீட்டிலும் "எங்களை ஞாபகம் இருக்கா?" அவளுடைய திட்டம் வேறு. தனியாகப் பஸ் பிடித்துத் திருப்பதி போய்ச் சும்மா தெருவில் சுற்ற வேண்டும். நான் முடியவே முடியாது என்றேன். தங்கமணியும் என் பக்கம்தான் (இது அபூர்வம்). தீர்ப்புச் சொன்னது என் அம்மா. "பஸ்ல ஊர்ப்பட்ட பொம்பளைங்க போறாங்க. இவ போனா இன்னா? வுடு நைனா." எண்பது வயது.

பஸ்ஸில் நடந்ததை அவள் வந்து சொன்னாள். 2025 ஆகஸ்ட் 15லிருந்து ஆந்திராவில் பெண்களுக்கு சாதாரண பஸ்களிலும் எக்ஸ்பிரஸ்களிலும் டிக்கெட் இலவசம். உள்ளூர் அடையாள அட்டை காட்ட வேண்டும். அக்கம்பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஆதாரை நீட்டிச் சைபர் ரூபாய் டிக்கெட் வாங்கினார்கள். இவள் ஒருத்திதான் காசு கொடுத்தாள். "அந்த வரிசையில நான் மட்டும் ஃபாரினர்" என்று சொல்லும்போது அவளுக்கு அதில் ஒரு பெருமை. எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. பக்கத்து சீட்டு அம்மா காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பாவம் என்று ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாராம்.

அதற்குப் பிறகு நானும் கூட வருகிறேன் என்று கெஞ்சினேன். ஒரு நிபந்தனை போட்டாள்: "நீங்க கைடு வேலை பார்க்கக் கூடாது." ஒத்துக்கொண்டேன். அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் சந்திரகிரி போனோம்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற வழியில்தான் சந்திரகிரி. கோட்டைக்குள் ராஜ மஹால், ராணி மஹால். ராஜ மஹாலில் தொல்லியல் துறையின் மியூசியம் இருக்கிறது. மூன்று மாடிக் கட்டடம், மரம் சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. பஸ்ஸிலும் ரயிலிலும் அந்தப் பாறை மலையை நூறு தடவையாவது கடந்திருப்பேன். இறங்கியது இல்லை. இறங்குவதற்கு என்ன இருக்கிறது, நம்ம ஊர்தானே!

டிக்கெட் கவுண்டரில் இரண்டு விலை போட்டிருந்தது. இந்தியர்களுக்கு ஒன்று, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. நான் தெலுங்கில் மூணு டிக்கெட் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மூன்று இந்திய டிக்கெட் கொடுத்தார். என் பொண்ணு பலகையை நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, இதுல நாம எது?"

"ஓசிஐ கார்டு இருந்தா இந்திய ரேட்டுதாம்மா. ரூல் இருக்கு."

"ரூல் சரி. ஆனா நீங்களும் ஆஸ்திரேலியன் பாஸ்போர்ட்தானே? நீங்களும் ஃபாரினர்தானே?"

ஓசிஐ என்பதை ஓசி என்று கிண்டல் செய்து நாம் எல்லாரும் ஜோக் அடித்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஜோக் எதுவும் வரவில்லை. குடியுரிமை வாங்கிய அன்று இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் ஆபீஸில் ஆணி அதிகம், அதனால் வருத்தப்பட நேரம் கிடைக்கவில்லை. அவளை "இது உன் ஊர்" என்று விடாமல் சொன்னதற்குக் காரணம் அங்கே நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு இது வெளிநாடு என்று ஒத்துக்கொண்டால், அடுத்த கேள்வி என்னைப் பற்றியதாக இருக்கும்.

உள்ளே போனதும் வேஷம் மாறிவிட்டது. அவள் கைடு, நான் சுற்றுலாப் பயணி. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகர ராஜ்யம் ஹம்பியை விட்டுப் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்த கதையைச் சொன்னாள். 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராஸில் இடம் கொடுத்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் அந்த ராஜ்யத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆக, வருஷாவருஷம் ஆகஸ்ட் 22ல் சென்னை தினம் கொண்டாடுகிறோமே, அந்தக் கதையில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1598 வாக்கில் ஏசு சபைப் பாதிரியார்கள் இங்கே வந்து வேங்கடபதி ராயரின் தர்பாரைப் பார்த்துவிட்டு ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதியதையும் எங்கேயோ படித்து வைத்திருந்தாள். "ஃபாரினர்ஸ்தான் எழுதி வெச்சிருக்காங்க. ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்ச விஷயம், எதுக்கு எழுதணும்னு விட்டிருப்பாங்க" என்றாள். எனக்கு அந்த ஜன்னல் டம்ளர் ஞாபகம் வந்தது. இன்னொன்றும் சொன்னாள். ஹைதர் அலி 1782 டிசம்பரில் செத்துப்போனது சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டையில். ஸ்கூலில் மைசூர் யுத்தம் நாலையும் மனப்பாடம் செய்தவன் நான். யாரும் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் ரேணிகுண்டா தாண்டி ஏர்ப்பேடு பக்கம் குடிமல்லம். சின்னக் கிராமம், கூட்டமே இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே செதுக்கியது என்று பல அறிஞர்கள் சொல்கிற, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த லிங்கம். அதன் முகப்பில் கையில் ஆட்டுக்கடாவும் தோளில் மழுவுமாக வேடன் மாதிரி சிவன், காலடியில் ஒரு குள்ளன். கர்ப்பக்கிருகம் யானையின் முதுகு போல வளைந்த கட்டடம். என் பொண்ணு அரை மணி நேரம் அப்படியே நின்றாள். நான் பத்து நிமிஷத்தில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன். பழக்க தோஷம்.

திருமலைக்கு அலிபிரியிலிருந்து நடந்தே ஏறினோம். 3550 படி. எனக்கு முட்டியில் உயிர் போனது, அதை விடுங்கள். வெளிநாட்டு இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டிப் போகிற தனி வழி இருக்கிறது, அதில் போகலாம் என்றேன். "பஸ்ல ஃபாரினர், மியூசியத்துல இந்தியன், சாமிகிட்ட மறுபடி ஃபாரினரா?" என்று சிரித்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மார்கழி மாதம். மலையில் மார்கழி முழுக்க விடியற்காலையில் சுப்ரபாதம் கிடையாது, திருப்பாவைதான். இத்தனை கூட்டமும் இத்தனை தெலுங்கும் இருக்கிற இடத்தில் விடிவதற்கு முன்னால் தமிழ் கேட்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியம். "இங்க ஏன் தமிழ்?" கைடு வேலை பார்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாலும் இதற்கு மட்டும் வாயைத் திறந்தேன். இந்த மலைதான் தொல்காப்பியப் பாயிரத்தில் தமிழுக்கு வடக்கு எல்லை. சங்கப் பாட்டில் மாமூலனார் வேங்கடத்துக்கு அப்பால் இருப்பதை மொழி வேறாகிவிட்ட தேசம் என்கிறார். பொருள் தேடிப் போன தலைவன் அங்கே போயிருக்கிறான், தலைவி இங்கே காத்திருக்கிறாள். அதாவது, இரண்டாயிரம் வருஷம் முன்னாடியே வெளிநாடு எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால் கையைக் காட்டிய இடம் எங்கள் ஊர்ப்பக்கம்தான். சம்பாதிக்க எல்லை தாண்டிய ஆளும், ஊரில் காத்திருக்கும் பெண்ணும் அப்போதே இருந்திருக்கிறார்கள். என் அம்மா சங்க இலக்கியம் படித்ததில்லை, படித்திருந்தால் என்னை இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார்.

உள்ளே நுழைந்ததும் கிருஷ்ணதேவராயரும் இரண்டு ராணிகளும் கைகூப்பி நிற்கிற உலோகச் சிலைகள். 1513க்கும் 1521க்கும் நடுவில் ஏழு தடவை வந்தவர். பிராகாரச் சுவரில் கல்வெட்டு. தேவஸ்தானம் படியெடுத்து 1930களில் அச்சிட ஆரம்பித்த திருமலை திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல், அதில் பெரும்பகுதி தமிழ். என் பொண்ணு சுவர்ப் பக்கம் ஒதுங்கி ஒரு எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "இது க. இது த-வா, ந-வா?" எனக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்து எழுத்து எனக்கும் அவளுக்கும் ஒரே அளவு அந்நியம். விரலை நீட்டி அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் பின்னாலிருந்து "ஜருகண்டி, ஜருகண்டி!" நகர்ந்தோம். சுவாமி எதிரே எங்களுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்கிற அந்த இரண்டு நொடிதான். வெளியே வந்து லட்டு சாப்பிடும்போது, அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளப்போகிறேன் என்றாள். பதினெட்டு வருஷமாகத் தமிழ் படி என்று நான் சொல்லிச் சாதிக்காததை ஒரு சுவர் சாதித்துவிட்டது.

பொங்கல் சாப்பாட்டில் இதை நான் சொன்னபோது நண்பர் விடவில்லை. "வெளிநாடுன்னு சொல்லிட்டா ஒட்டுதலே போயிடும். அப்புறம் நம்ம காலத்துக்குப் பிறகு எவன் ஊருக்குப் போவான்?" என்றார். நியாயமான பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் வருஷாவருஷம் சித்தப்பா வீட்டு சோபாவில் வரிசையாக உட்காரவைத்து நாம் வளர்த்த ஒட்டுதல் எவ்வளவு என்று நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் பொண்ணு அந்த ஊரை வெளிநாட்டுக்காரியாகச் சுற்றினாள். அதனால்தான் அதில் அவளுக்கென்று ஏதோ ஒன்று கிடைத்தது. எனக்குக் கிடைத்த மாதிரி பிறப்பால் வரவில்லை. வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி, பார்த்துப் பழகி, சிலதைச் சகித்து, சிலதைச் சண்டை போட்டு வருவது அது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நாங்களும் கடைசியில் எல்லா வீட்டுக்கும் போனோம், பஜ்ஜி சாப்பிட்டோம். மூன்று வாரத்தில் ஐந்து நாளாவது பிள்ளைகளைத் தனியாக விடுங்கள், தொலைந்து போகட்டும். அவர்கள் கேட்கிற கேள்விக்குக் காபி நன்றாக இருக்கிறது என்று பதில் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், இன்னும் உறுத்துகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தபோது அந்த டம்ளரைப் பற்றிக் கேட்டே விட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அவ திரும்ப எப்ப வரா?" என்றார்.

ஜூனில் அவளுக்கு லீவு வருகிறது என்றேன்.

"ஜூன்ல மாங்கா சீசன். வரச் சொல்லு. தனியாவே வரட்டும் நைனா, நீ கூட வந்தா அவளை எங்கியும் வுட மாட்டே."